கண்மாய்க்கு ஒரு காற்றுப் படகு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருத்தன் கயாக் வாங்கப் போகிறான் என்றால் கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு என்று ஒன்றுகூட இல்லாத மாவட்டம். வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு எல்லாம் மழைக்காலத்து விருந்தாளிகள். வந்த சுவடு தெரியாமல் போய்விடும், மணல் மட்டும் மிச்சம். அந்த ஊரில் படகா?

ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஆறு இல்லாததால்தான் இங்கே கண்மாய்கள். ஆயிரக்கணக்கில். ஊருக்கு ஒன்று, சில ஊரில் மூன்று நான்கு. பெயின்ட் அடித்த மாதிரி கரையும் அதில் ஆலமரமும் ஒரு ஐயனார் கோவிலும். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, தை மாசி வரைக்கும் கண்ணாடி மாதிரி கிடக்கும். பங்குனியில் ஓரம் வெடிக்க ஆரம்பித்து, சித்திரையில் பையன்கள் அதற்குள்ளேயே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். மொத்தம் நாலைந்து மாதத் தண்ணீர்.

நம் கதாநாயகன் (பெயர் வேண்டாம், அறந்தாங்கிப் பக்கம், பொறியியல் மூன்றாம் ஆண்டு, இது போதும்) இந்தக் கணக்கில்தான் காற்றடைத்த கயாக்குக்கு வந்து சேர்ந்தான். ஃபைபர் கயாக் என்றால் பத்தடிக்குக் குறையாது. மீதி ஏழெட்டு மாதம் அதை எங்கே வைப்பது? மாட்டுக்கொட்டகையில் வைத்தால் அடுத்த வாரமே அதில் தவிடு கரைத்துவிடுவார்கள். காற்றைப் பிடுங்கிவிட்டால் சாக்குமூட்டை அளவு, பரணில் ஏறிக்கொள்ளும். கண்மாய்க்குக் கொண்டுபோகக் காரும் வேண்டாம், டிவிஎஸ் எக்ஸெல் போதும். எக்ஸெல்லில் ஏறாத சரக்கு என்று இந்த மாவட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்ன! வந்து வந்து போகிற தண்ணீருக்கு, ஊதி ஊதி மடிக்கிற படகு. பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா பாதிப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதைப் பிறகு பார்ப்போம். அப்பா சொன்னது இதுதான்: "காத்தடிச்ச படகுக்கு எதுக்குடா காசு? லாரி டியூப் கெடக்குல்ல."

அப்பா சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. நம் ஊர்க் குளங்களில் காற்றடைத்த மிதவை புதுசே கிடையாது. வலை போடுகிறவர்கள் லாரி டியூபின் நடுவில் கயிறு பின்னி, அதில் உட்கார்ந்து, கையாலேயே துழாவிப் போவதைப் பார்க்காதவர்கள் யார்? அதற்கும் முன்னால் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழகின தலைமுறை உண்டு. இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் கேன். உலக அளவில் பார்த்தால் இது இன்னும் பழசு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசீரிய மன்னன் அசுர்நசிர்பால் காலத்துக் கற்சிற்பம் ஒன்று இருக்கிறது, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. அதில் வீரர்கள் ஆட்டுத்தோலை ஊதி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார்கள். லாரி டியூபுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம் :-)

கயாக் என்பது துருவப் பகுதியின் இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிச் செய்த வேட்டைப் படகு. அதை மடித்து எடுத்துப் போகும்படி ஆக்கியது ஜெர்மனியில், அதுவும் ஒரு மாணவர். மியூனிக்கில் கட்டடக்கலை படித்த ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ் 1905-இல் மடக்குப் படகு செய்து மிதந்து காட்டினார். ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கி 1907-இலிருந்து செய்து விற்றார். அப்படிப்பட்ட ஒரு மடக்குப் படகில்தான் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-இல் டான்யூப் நதியில் கிளம்பி, இந்தியக் கரையோரமாக, இலங்கை வழியாகத் துடுப்புப் போட்டு 1939-இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஏழு வருஷம். போய்ச் சேர்ந்த நேரம் உலகப் போர் ஆரம்பித்துவிட, எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து முகாமில் போட்டுவிட்டார்கள். பாவம் மனுஷன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விற்கிற கம்பெனிகள் எல்லாம் பெட்டியின் மேல் போடுகிற வார்த்தை 'அமைதியான நீருக்கு'. படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், பின்னால் பைன் மரங்கள், ஏரி. அந்த ஏரியின் அமைதி வேறு, நம் கண்மாயின் அமைதி வேறு. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் அடியில்தான் இருக்கிறது, அந்த அடியை வைத்துத்தான் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையும் வண்ணமும் அதற்கப்புறம்.

அடியில் என்ன இருக்கிறது? முதலில் முள். சீமைக்கருவை. கண்மாய் வற்றிக் கிடக்கிற மாதங்களில் உள்வாய் முழுக்க மண்டிக்கிடக்கும். மழை வந்ததும் பாதி மரம் தண்ணீருக்குள், பாதி வெளியே. உள்ளே இருக்கிற கிளை கண்ணுக்கே தெரியாது. அந்த முள் சைக்கிள் டயரைக் குத்தும், ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலிலும் ஏறும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். பிடுங்கின இடத்தில் மறுபடி துளிர்த்தது. வெட்டிப் போட்ட காய்ந்த சிம்பு இருக்கிறதே, அது பச்சை மரத்தைவிட மோசம்.

மலிவு வகைக் கயாக்குகள் வெறும் வினைல் பலூன்தான். நீச்சல் குள மிதவை செய்கிற அதே சரக்கு, கொஞ்சம் தடிமன் கூட. இன்டெக்ஸ் கம்பெனியின் சேலஞ்சர், எக்ஸ்புளோரர் எல்லாம் இந்த வகை. குறை சொல்வதற்கில்லை, கொடுக்கிற காசுக்கு நன்றாகவே மிதக்கும். முள் இல்லாத நீரில். இரண்டாவது வகையில் உள்ளே காற்றுப்பை தனி, வெளியே கெட்டியான பாலியெஸ்டர் அல்லது நைலான் துணி உறை தனி. ஃபுட்பால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், உள்ளே பிளாடர், வெளியே தோல். முள் உறையைத் தாண்டி உள்ளே போனாலும், ஜிப்பைத் திறந்து பையை மட்டும் வெளியே எடுத்து ஒட்டலாம், இல்லாவிட்டால் பையை மட்டும் மாற்றலாம். மூன்றாவது 'டிராப் ஸ்டிட்ச்'. இரண்டு தட்டையான துணிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நூல்களைக் குத்துக்குத்தாகத் தைத்து, சுற்றிலும் காற்றுப் போகாமல் பூசி அடைத்துவிடுவார்கள். காற்றை ஏற்றினால் உருண்டையாக உப்பாது, பலகை மாதிரி விறைத்து நிற்கும். 1950-களில் அமெரிக்காவின் குட்இயர் கம்பெனி இந்த மாதிரித் துணியை வைத்து ஊதிப் பறக்கிற விமானமே செய்து பார்த்தது, 1956-இல் அது பறந்தும் காட்டியது. (மடித்துப் பெட்டியில் போட்டு, வேண்டும்போது ஊதிக்கொண்டு பறக்கிற விமானம். நம்பித்தான் ஆக வேண்டும்.) டிராப் ஸ்டிட்ச் கயாக் வேகமாகப் போகும், நேராகப் போகும், விலையும் பல மடங்கு போகும்.

முள்ளுக்குப் பயந்து வாங்கினால் வினைல் கழிந்துவிடுகிறது. மற்ற இரண்டில் எது? இங்கேதான் வெயில் வருகிறது.

பதினோராம் வகுப்பு இயற்பியலை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அடைத்து வைத்த காற்றின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு கூடும். காலை ஆறரைக்கு 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். பதினொரு மணிக்குக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், வெயிலில் கிடக்கிற கறுப்பு, சிவப்பு பிளாஸ்டிக்கின் உள்ளே 57 டிகிரி, 330 கெல்வின் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதம்தானே கூடும் என்று தோன்றும். இல்லை. பத்து சதம் கூடுவது மொத்த அழுத்தத்தில். வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ இருக்கிறது. ஒரு பிஎஸ்ஐ ஏற்றின சாதாரணக் கயாக்கில் மொத்தம் 15.7. அதில் பத்து சதம் கூடினால் 17.3. வெளிக்காற்றைக் கழித்தால் உள்ளே 2.6. அதாவது இரண்டரை மடங்கு! எட்டு பிஎஸ்ஐ ஏற்றுகிற டிராப் ஸ்டிட்ச்சில் அதே கணக்கு 10.3-இல் நிற்கும். ஒன்றேகால் மடங்கு சொச்சம்தான். நிஜத்தில் பை கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், அதனால் முழுக்கணக்கும் ஏறாது. ஆனாலும் மதியம் தையல் விட்டுப் போகிற படகுகளின் கதை பெரும்பாலும் இதுதான். தண்ணீரில் இருக்கும்போது அடி குளிர்ச்சியாக இருப்பதால் பிரச்சினை இல்லை, கரையில் ஏற்றினதும்தான் ஆபத்து. மருந்து ரொம்பச் சுலபம். கரைக்கு வந்ததும் நிழலில் போடு, வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடு. கார்த்திகை வெயிலுக்கே இப்படி என்றால் மாசி வெயிலைச் சொல்ல வேண்டாம்.

இதனால் வாங்கும்போது வால்வைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடற்கரைப் பந்தில் இருக்கிற மாதிரிக் குச்சி மூடி வால்வு இருந்தால் தொடவே கூடாது. காற்றை விட நினைத்தால் பாதி போய்விடும், அடைப்பதற்குள் மீதியும் போய்விடும். இரண்டு மூடி உள்ள 'பாஸ்டன் வால்வு' நல்லது. மேல்மூடியைத் திறந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் நாக்கு காற்றை வெளியே விடாது. அழுத்தம் அதிகம் கேட்கிற படகுகளுக்கு ஸ்பிரிங் வைத்த வால்வு வரும்.

அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அதைவிட முக்கியம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, தரை ஒன்று, ஆக மூன்றாவது தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றில் முள் ஏறினாலும் மற்ற இரண்டும் கரை வரை தாங்கும். ஒரே அறையில் முழுப் படகும் என்றால் அது படகு இல்லை, பொம்மை.

நீளம் அகலம் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீளமாக இருந்தால் நேராகப் போகும், அகலமாக இருந்தால் கவிழாமல் போகும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். கண்மாயில் யாரும் பந்தயம் ஓட்டப் போவதில்லை, எனவே பத்தடி நீளம், இரண்டரையிலிருந்து மூன்றடி அகலம் போதும். பெட்டியில் 180 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கையே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. 180 என்பது மிதக்கிற எல்லை. வசதியாகத் துடுப்புப் போடுகிற எல்லை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். துடுப்பு, அகலமான படகுக்கு 230 சென்டிமீட்டர் வேண்டும். குட்டைத் துடுப்பு என்றால் கை படகின் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும்.

அடியில் பின்பக்கம் மாட்டுகிற சின்னத் தகடு ஒன்று வரும், ஸ்கெக் என்பார்கள். அது இல்லாவிட்டால் காற்றடைத்த படகு ஒரு துடுப்புக்கு இடதும் ஒரு துடுப்புக்கு வலதுமாக வாலாட்டும். ஆனால் நம் குளங்களில் அல்லிக்கொடியும் பாசியும் ஆகாயத்தாமரையும் உண்டே, அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். எனவே கழற்றி மாட்டுகிற ஸ்கெக்காக இருக்க வேண்டும். ஒட்டி வைத்தது வேண்டாம்.

காற்று இன்னொரு சமாச்சாரம். இந்தப் படகுகள் தண்ணீருக்குள் அதிகம் அமுங்காது, இலை மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும். மார்கழி தையில் வாடைக்காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலும் தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கரை முள்ளில் சேர்த்துவிடும். அதற்குப் பழைய படகோட்டிகள் சொல்கிற வழிதான்: போகும்போது காற்றை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் போகும்போது ஜாலி, வரும்போது அழுகை.

அடியில் முள்ளுக்கு அடுத்து இருப்பது குழி. இதை எழுதும்போது விளையாட்டுப் பேச்சு நின்றுவிடுகிறது. வண்டல் எடுக்கிறேன், சவுடு எடுக்கிறேன் என்று பொக்லைன் வைத்துத் தோண்டின பள்ளங்கள் கண்மாய்களில் உண்டு. முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குக் கீழே போவான். மழைக்காலம் வந்தால் 'குளத்தில் மூழ்கி மாணவர்கள் பலி' என்று தினசரிகளில் வருகிற செய்திகளை எல்லோரும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். அந்தத் தண்ணீர் எல்லாம் அமைதியான தண்ணீர்தான். அலையே கிடையாது.

அடுத்து மடை. புதுக்கோட்டைக் கண்மாய்களின் பெருமையே குமிழிதான். நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், குறுக்கே கல் சட்டம், பலவற்றில் கல்வெட்டு. கீழே தொட்டியும் துளையும், அங்கிருந்து கரைக்கு அடியில் கால்வாய். ஆயிரம் வருஷத்துக்கு முந்தினவைகூட இருக்கின்றன. கயாக் வைத்திருக்கிறவனுக்கு அந்தத் தூண்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க ஆசை வரும், வரத்தான் செய்யும். ஆனால் மடை திறந்திருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது. அடியில் இழுப்பு இருக்கும், மேலே சுழி தெரியாது. அதே மாதிரி கலிங்கு. கண்மாய் நிறைந்து கலிங்கில் வழிகிற அன்றைக்குத்தான் ஊரே வேடிக்கை பார்க்க வரும், அன்றைக்குத்தான் படகும் இறக்கத் தோன்றும். கலிங்குப் பக்கம் தண்ணீர் குளமாக இருப்பதில்லை, ஆறாகிவிடுகிறது. அன்றைக்குப் படகு பரணிலேயே இருக்கட்டும்.

இப்போது அம்மாவின் நிபந்தனை. அவனுக்கு நீச்சல் தெரியும், கிணற்றில் பழகினவன். தங்கச்சிக்குத் தெரியாது. அம்மா சொன்னது: "நீ என்னத்தையும் பண்ணு. நீச்ச தெரியாத புள்ளைய அதுல ஏத்துன, படக நானே அருவாமனையில வெட்டிருவேன்."

அம்மா சொன்னது வீட்டுக்கு மட்டும். ஊருக்கு? கண்மாய்க்கரையில் சிவப்புக் கலரில் ஒரு படகை ஊதினால் பத்து நிமிஷத்தில் இருபது பிள்ளைகள் கூடிவிடுவார்கள். "அண்ணே, ஒரு ரவுண்டு, அண்ணே." முடியாது என்று சொல்ல மனசு வராது. படகு வாங்குகிறவன் இந்தச் சிக்கலைத்தான் நிஜமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் பதில் போட்டிருக்காது. அவன் கண்டுபிடித்த பதில், படகுக்கு ஒதுக்கின பணத்தில் கொஞ்சத்தை எடுத்து இன்னும் இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்குவது. ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, ஒரு தடவைக்கு ஒருத்தர், இடுப்பளவு ஆழத்தைத் தாண்டக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டிலும் ஏமாற்று உண்டு. 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு மிதக்க ஒத்தாசை, அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர்களுக்கு 100 நியூட்டனாவது வேண்டும், கழுத்துக்குப் பின்னால் பட்டை இருக்க வேண்டும், மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பி வைக்கிற வடிவம். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவு. பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். கையில் மாட்டுகிற ஊதல் வளையம் எல்லாம் கணக்கிலேயே சேராது.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவரிடம் முதலில் போய்ப் பேசிவிடவும் வேண்டும். கண்மாய் பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையுடையதோ, ஊராட்சி ஒன்றியத்துடையதோ, மீன் ஏலம் எடுத்தவருக்குத்தான் அங்கே வலை எங்கே கிடக்கிறது என்று தெரியும். செவுள்வலையில் ஸ்கெக் மாட்டினால் வலையும் போச்சு, உறவும் போச்சு. இவன் போய்ப் பேசினபோது அவர் படகின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுல கருவமுள்ளு குத்துனா என்ன செய்வீங்க?" எந்த இணையதளத்திலும் எந்த வெள்ளைக்காரனும் கேட்காத கேள்வி. அவரே எந்தப் பக்கம் முள் இல்லை, எங்கே பள்ளம் என்று கை நீட்டிக் காட்டினார். பத்து வீடியோ பார்த்ததைவிட அந்தப் பத்து நிமிஷம் உபயோகம்.

கடல் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கட்டுமாவடியிலிருந்து மீமிசல் தாண்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரை இந்த மாவட்டத்துக்கு உண்டு. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் ஆழம் குறைவு, பெரிய அலை இல்லை. மீமிசல் அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக்குள் கயாக் விடுகிறார்கள், வாங்குவதற்கு முன் ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்க்க நல்ல இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. கடற்புல் மேய்கிற சாதுவான பிராணி, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அழகான கடல்தான்.

ஆனால் காற்றுப் படகுக்கு அது இடமில்லை. அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி மாதிரி குத்திட்டு நிற்கும். சிப்பி ஒட்டின கட்டைகள் பிளேடுக்குச் சமம். அதைவிட, வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசுகிற மேற்குக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். தண்ணீர் தட்டையாகத் தெரியும், ஏனென்றால் காற்று பின்னாலிருந்து வருகிறது. ஒரு மணி நேரத்தில் கரை கோடாகிவிடும். அந்தப் பக்கம் இலங்கை. எஞ்சின் வைத்த படகில் போகிறவர்களுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கட்டுமரம் என்ற சொல்லையே இங்கிலீஷுக்குக் கொடுத்த கரை இது. அந்தக் கரைக்காரர்கள் காற்றைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். ஊதின பையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு மேல் தைரியம் காட்ட வேண்டாம்.

கடைசியில் அவன் முடிவு செய்தது துணி உறை போட்ட வகை. மூன்று அறை, பாஸ்டன் வால்வு, கழற்றுகிற ஸ்கெக், இரண்டு பேர் உட்காரும் அளவு. டிராப் ஸ்டிட்ச் வெயிலைத் தாங்கும், மறுக்க முடியாது. ஆனால் முள் ஏறினால் அதைப் பிரித்து எடுக்க முடியாது, மொத்தத்தையும் வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும். வெயிலுக்கு நிழல் இருக்கிறது, முள்ளுக்கு எங்கே போவது? தரைப் பைக்கு அடியில் போட, பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைப் படகு வடிவத்தில் வெட்டி வைத்திருக்கிறான். யாரோ ஒருவரின் காதணி விழா பேனர். இனி அந்த மாமாவின் முகம்தான் முள்ளை எதிர்கொள்ளப் போகிறது. துணி உறையின் ஒரே தொல்லை, காய நேரம் பிடிக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை, காயவைத்து மடித்துப் பரணில் போட்டால் எலி. அதற்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்று தயார்.

லைஃப் ஜாக்கெட் மூன்று. அதில் ஒன்று தங்கச்சி அளவு. அது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "நீச்சல் கத்துக்கொடுக்கத்தான்மா, கெணத்துல" என்று சொல்லியிருக்கிறான். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

பி.கு. 1: பங்சர் கடையில் காற்றுப் பிடித்துவிடலாமே என்று நினைக்கிற புத்திசாலிகளுக்கு: கம்ப்ரஸர் கொடுப்பது லாரி டயருக்கான அழுத்தம், 100 பிஎஸ்ஐக்கு மேலேயும் போகும். ஒரு பிஎஸ்ஐ படகு அதற்கு ஒரு நொடிகூடத் தாங்காது. இழுத்தாலும் அமுக்கினாலும் காற்று ஏறுகிற கைப்பம்பே போதும்.

பி.கு. 2: அதே பங்சர் கடை சொல்யூஷனும் பிவிசியில் ஒட்டாது. அது ரப்பர் டியூபுக்கானது. படகோடு வருகிற பிவிசி பசையைப் பத்திரமாக வைக்கவும். வல்கனைஸ் பண்ணித் தரச் சொல்லிக் கேட்டால் படகு உருகி பக்கெட் ஆகிவிடும்.